மட்டக்களப்பில் ஊழியத்துக்குப் போன காலம்: புறப்படத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு

வெளிநாட்டு மிஷனரி ஊழியத்துக்குப் பெயர் கொடுத்த தம்பி தங்கைகள் யாராவது அவ்வப்போது போன் செய்கிறார்கள். "அண்ணே, நீங்க இலங்கையில இருந்தீங்கல்ல, எப்படி இருக்கும்?" என்று ஆரம்பித்து, சீக்கிரமே சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். சாப்பாடு பிரமாதம். பிட்டும் மீன் குழம்பும், இடியப்பமும் சொதியும், மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் இருக்கிற ஊரில் அந்தக் கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். 2022 தொடக்கத்தில் மட்டக்களப்புக்குப் போய்க் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தேன். ஒரு சின்ன சபையில் உதவி ஊழியன் என்பது பதவி. வேலை என்று பார்த்தால் காலையில் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம், வாரத்தில் சில நாள் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக் கிராமங்கள், ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போடுவது, அப்புறம் அதே நாற்காலிகளை எடுத்து அடுக்குவது. பிரசங்கம் செய்ய அழைத்தது ரொம்பக் குறைவு. அதுவும் நல்லதுக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் மிஷனரி என்றால் தனி மரியாதை. 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய கதையை ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா அதற்கு முந்தைய வருடம் யாழ்ப்பாணம் போயிருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து நம்முடைய தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாம் ஏன் இதைச் செய்யவில்லை என்று அவருக்கு உறைத்தது. அவர்கள் நமக்கு அனுப்பிய பிறகுதான் நாம் மற்றவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தோம். இது தெரிந்துகொண்டு கிளம்பினால் தலைக்கனம் கொஞ்சம் குறையும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களை அழைக்கும் சபை முன்கூட்டியே கொழும்பில் விண்ணப்பித்து, மத ஊழியர்களுக்கான குடியிருப்பு விசா வாங்க வேண்டும். அதைக் காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க வேண்டும். தாள்கள் நகர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருக்கும் மாதங்களில் சைக்கிள் ஓட்டியும் சமைத்தும் பழகுங்கள்.

மட்டக்களப்பில் எனக்கு வந்த முதல் கேள்வி "எப்ப போறீங்க?" என்பதுதான். கோபத்தில் கேட்கவில்லை, தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பாடம் படிக்க வந்த பிள்ளைகள் என்று எல்லோரிடமும் அதே கேள்வி. காரணம் புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. 1978 நவம்பர் சூறாவளி, வருடக்கணக்கில் நடந்த போர், 2004 டிசம்பர் சுனாமி என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த ஊருக்கு உதவி செய்ய ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், கொடுத்தார்கள், போனார்கள். சில வீட்டுச் சுவர்களில் கட்டிக்கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. கொடுத்ததற்கு நன்றி உண்டு. ஆனால் "அடுத்த மாசம் வந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு வராதவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இருந்தவர்களை ஊர் மறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்களைப் பற்றி, கிறிஸ்தவர் இந்துவென்று பாராமல் வயதானவர்கள் எல்லோரும் பேசுவார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். நகரத்து விளையாட்டு மைதானமே அவர்களில் ஒருவரான வெபர் அடிகளார் பெயரில்தான் இருக்கிறது. அருட்தந்தை யூஜின் ஹெபேர் 1948ல் வந்து, 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட வழியில் காணாமல் போனவர். நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்த மனிதர். அப்படிப்பட்டவர்களை வைத்து ஊழியர்களை அளந்து பழகிய ஊரில் இரண்டு வருட விசாவோடு போய் நிற்கிறவன் அடக்கி வாசிப்பதுதான் மரியாதை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814ல் மட்டக்களப்பு வந்தார். வழியில் கப்பலிலேயே மனைவி இறந்துபோனார். அடுத்த வருடம் ஏப்ரலில் அவரும் இறந்துவிட்டார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை, ஆனால் அவர் தொடங்கிய பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது. புளியந்தீவில் வாவிக் கரையோரம் அவருக்குச் சிலை இருக்கிறது. என்ன சாதித்தாய் என்று ஊரிலிருந்து போன் வரும் நாட்களில் சிலசமயம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வருவேன்.

என்னைப் பொறுப்பெடுத்திருந்த போதகர் முதல் வாரமே ஒரு விதி போட்டார்: யாருக்கும் எதையும் செய்து தருகிறேன் என்று சொல்லக் கூடாது. முடிந்தால் செய், செய்த பிறகு சொல்லவும் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லலாம், அடுத்து எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவேன் என்று. சொன்னால் மழையோ வெயிலோ வந்து நிற்க வேண்டும். கேட்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு தாய் வந்து மகனுக்கு இந்தியாவில் படிக்க இடம் வாங்கித் தர முடியுமா என்று கேட்கும்போது, "பார்க்கலாம் அக்கா" என்ற வார்த்தை தொண்டைவரை வரும். நம் ஊரில் அது ஒரு மரியாதைச் சொல், அங்கே அந்தத் தாய் அதை வருடக்கணக்கில் நம்பிக் காத்திருப்பார். "என்னால முடியாது அக்கா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகியதுதான் என் ஊழியக் காலத்தில் எனக்கு நடந்த பெரிய வளர்ச்சி என்பேன். ஜெபம், உபவாசம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தங்கியது கல்லடியில், ஒரு வீட்டின் பின்பக்க அறையில். கடற்கரைப் பக்கம் போனால் திருச்செந்தூர் என்றே ஓர் இடம், அங்கே சுனாமியில் சாய்ந்த கோபுரத்தோடு ஒரு முருகன் கோயில். நாசரேத்திலிருந்து திருச்செந்தூருக்கு பஸ் ஏறி வளர்ந்தவனுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என்னவோ செய்தது.

வீடு அம்மம்மாவுடையது. பேரப்பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன், அவர் என்னை "மனே" என்பார். அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய்வழிக் குடி முறை இன்னும் உயிரோடு இருக்கிற இடம். எனவே ஒரு வீட்டுக்குப் போனால் "ஐயா இருக்காரா" என்று கேட்பதைவிட வீட்டம்மாவிடம் முதலில் வணக்கம் சொல்லி, உட்காரலாமா என்று கேட்பதுதான் முறை. அவர் தலையசைத்தால் வீடே தலையசைத்த மாதிரி.

நான் போன சில வாரங்களிலேயே நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. சமையல் எரிவாயு கிடைக்கவில்லை, பால்மா கிடைக்கவில்லை. ஜூன் முடிவில் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய், அதற்கும் நாள் கணக்கில் வரிசை. பிறகு பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர். படுவான்கரையில் நிலைமை இன்னும் மோசம். 2021ல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் அந்தப் பெரும்போகத்தில் நெல் சரியாக விளையவில்லை. வயல்காரர் வீட்டிலேயே அரிசியை அளந்து போட்டார்கள். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனதும் மீன்பிடிக்கிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்கள்.

இதில் என் நிலைமைதான் விசித்திரம். எனக்கு உதவித்தொகை இந்தியாவிலிருந்து வந்தது. நான் போனபோது 100 இந்திய ரூபாய்க்கு 270 இலங்கை ரூபாய் அளவுக்குக் கிடைத்தது, சில மாதங்களில் அது 450ஐ நெருங்கிவிட்டது. சுற்றியிருந்த எல்லோரும் ஏழையாகிக்கொண்டிருக்க, ஒன்றுமே செய்யாத நான் மட்டும் பணக்காரனாகிக்கொண்டிருந்தேன். ஊழியப் பயிற்சியில் இதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. கையில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் கடன் கேட்டு ஆள் வரும். வருகிறவர்களும் பொய் சொல்லி வருவதில்லை, உண்மையாகவே இல்லாமல்தான் வருகிறார்கள். போதகரிடம் போய்ப் பேசினேன். என் கையால் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, மிச்சமாவதை மாதக் கடைசியில் சபையின் உதவிப் பெட்டியில் பெயர் போடாமல் போடுவது, யாருக்கு என்ன என்பதைச் சபையின் மூப்பர்கள் தீர்மானிப்பது என்று முடிவானது. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவது கஷ்டம் என்பார் போதகர். அம்மம்மாவிடம் வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றேன். "வேணாம் மனே, பேசினது பேசினதுதான்" என்றார். கரண்ட் பில்லை மட்டும் நான் கட்டுவதாகப் பேசி ஒரு வழியாக ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அந்த வருடம் சபை மூலமாக உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். அரிசி, பருப்பு, சீனி, மா, தேயிலை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொதி கொடுக்கும் இடத்தில் பிரசங்கம் கூடாது, துண்டுப் பிரசுரம் கூடாது, ஜெபம்கூட அவர்களாகக் கேட்டால்தான். மதம் மாற்ற வந்தவர்கள் என்ற சந்தேகம் அங்கே இருக்கிறது, அதற்குக் காரணமானவர்களும் இருக்கிறார்கள். பட்டியலைக் கிராம உத்தியோகத்தரையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கேட்டுத் தயாரித்தோம். அப்படியும் ஒரு வயலோர வீட்டுப் பெரியவர் பொதியைத் தொடவில்லை.

"இதை எடுத்தா சபைக்கு வரணுமா?"

"தேவையில்லை ஐயா" என்றார் போதகர்.

"அப்ப ஏன் தாறீங்க?"

"முன்னம் வெள்ளத்துக்க எங்கட சனம் உங்கட கோயில் மடத்துலதானே கிடந்தது. மூணு நேரமும் சோறு ஆர் தந்த?"

பெரியவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "ஓம், அது சரிதான்" என்று பொதியைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு எங்களுக்கு ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டினார். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கஷ்டப்படுகிறவர்களிடம் எப்படி வாங்கிக் குடிப்பது என்று கூச்சப்பட்டு மறுக்கிற நல்ல பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க மட்டும் தெரிந்த ஆளோடு யாராலும் உறவாட முடியாது.

பெட்ரோல் இல்லாததால் சபையின் மோட்டார் சைக்கிள் ஓய்வெடுத்தது, நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அதைவிட நல்ல ஊழியக் கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பைக்கில் போகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, சைக்கிளில் போனால் வேலியோரம் நிற்கிறவர் எல்லாம் நிறுத்திக் கதைப்பார்கள். படுவான்கரைக்கு மண்முனையில் 2014ல் பாலம் திறந்துவிட்டார்கள். ஆனாலும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு இன்னும் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்று அவர்கள் சொல்வது மிதவைப் படகை. தட்டையான மேடை, இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. அதில் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், உரப்பையில் கட்டிய கோழி, தயிர்ச்சட்டி அடுக்கு எல்லாம் ஒன்றாக ஏறும். கரை சேரும்வரை யாருக்கும் எங்கும் போக முடியாது, எனவே எல்லோரும் பேசுவார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் கத்தாருக்குப் போகிறாள், எந்த வயலில் யானை இறங்கியது என்று அன்றைக்கு நான் போக வேண்டிய வீடுகள் பாதையிலேயே முடிவாகிவிடும். மழைக்காலத்தில் வாவி பெருகினால் பாதை ஓடாது. அப்போது வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும்.

வைகாசி மாதம் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. வருடத்தில் அந்த ஒரு தடவைதான் பல கோயில்களில் கதவு திறக்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு முடியும். அந்த வாரம் வீடு சந்திப்பு, பாடம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சபைக்கு வருகிறவர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். ஒரு நாள் இரவு நான் கோயில் வெளிவீதியில் மரத்தடியில் உட்கார்ந்து, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிப்பதைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகக் கண்ணகி கதையை மனப்பாடம் செய்தவன் நான். இங்கே ஒரு ஊரே அவள் கோபத்தைத் தணிக்க விழித்துக் கிடந்தது. போனது சரியா என்று என்னைக் கேட்டால் சரி என்பேன். மாத அறிக்கையில் மட்டும் எழுதவில்லை.

அறிக்கை என்றதும் படம் ஞாபகம் வருகிறது. அனுப்பியவர்கள் படம் கேட்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. ஆனால் பொதி வாங்கும் கையையும் அழுக்குச் சட்டைப் பிள்ளையின் முகத்தையும் எடுத்து அனுப்பினால், அது முகநூல் வழியே அதே கிராமத்துக்குத் திரும்பி வரும். நான் கட்டடம், வாவி, நாற்காலி, சைக்கிள் இவற்றைத்தான் எடுத்தேன். சலித்துப்போய்க் கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 21 பற்றியும் சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். நீங்களாக அதைப் பற்றிக் கேட்காதீர்கள். சொல்ல நினைக்கிறவர்கள் ஒருநாள் சொல்வார்கள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். முன்பின் தெரியாத ஆலயத்துக்குத் தோளில் பையோடு போகாதீர்கள். வாசலில் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியைப் பற்றி யாராவது காட்டமாகப் பேசினால் தலையாட்டவும் வேண்டாம். எங்கள் போதகர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் உடுப்புக்குத் துணியை அங்கேதான் எடுத்தார். கடைக்கார நானா விலையைக் குறைத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு என்று ஒரு பை இனிப்பும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரே அறையில் இன்னொரு ஊழியரோடு இருப்பது பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். என்னோடு இருந்தவர் சென்னைக்காரர், மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பார். நான் குளிர்ந்த காற்றில் தும்முகிறவன். அவர் தட்டைச் சாப்பிட்டதும் கழுவுவார், நான் அடுத்த வேளைக்கு முன்பு கழுவுவேன். சனிக்கிழமை இரவு பதினைந்து நிமிடம், இந்த வாரம் உன்னால் எனக்கு எரிச்சல் வந்தது எங்கே என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். முதலில் கேவலமாக இருந்தது. பிறகு அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவரை ஒருவர் பார்க்கவே பிடிக்காது என்று ஆனது.

உடம்பு. மாரி மழை தொடங்கினால் நுளம்பு, அதாவது நம் ஊர்க் கொசு, நுளம்போடு டெங்கு. எனக்கும் வந்தது. காய்ச்சல் என்றால் பரசிட்டமால் மட்டும்தான், அங்கே பெனடோல் என்பார்கள். வலி தாங்கவில்லை என்று அஸ்பிரினோ புரூஃபனோ போடக் கூடாது, இரத்தப்போக்கு ஆபத்து. காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கியதும் சுகம் என்று நினைத்து எழுந்து ஓடாதீர்கள், சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அம்மம்மா மல்லி அவித்த தண்ணீரும் கஞ்சியும் கொண்டுவந்து வைத்து, குடித்து முடிக்கும்வரை கதவுநிலையில் உட்கார்ந்திருப்பார். விறகு அடுப்பில் வைத்துக் கொண்டுவந்த கஞ்சி, கொஞ்சம் புகை மணக்கும். எனக்காக நேர்த்தி வைத்து மாமாங்கம் கோயிலில் அர்ச்சனை செய்ததாகப் பேத்தி ரகசியமாகச் சொன்னாள். நன்றி சொன்னேன், வேறென்ன சொல்வது?

தனிமை வரும். குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை மாலையில். எல்லோரும் குடும்பத்தோடு வீட்டுக்குப் போன பிறகு ஆலயத்தைப் பூட்டிவிட்டு வரும்போது. வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அழுது வைப்பீர்கள், அம்மா இரண்டு நாள் தூங்கமாட்டார்கள். நான் அந்த நேரத்தில் கல்லடிப் பாலத்தில் நடந்தேன். அந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். பாடும் மீன் கேட்டதா என்றால், இல்லை. பக்கத்திலேயே விபுலாநந்த அடிகளின் சமாதி. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்திய அந்தத் துறவியும் இராமகிருஷ்ண மிஷன்காரர்தான், நமக்கு ஒருவகையில் சக ஊழியர்.

முடிக்கும்போது செய்ய வேண்டியவை. போகும் தேதியைக் குறைந்தது மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். கடைசி வாரம் சொல்லி அழவைப்பது நல்ல பழக்கமில்லை. சாயங்காலப் பாடத்தை ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து, நீங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் படித்தவர்களில் உயர்தரம் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) முடித்த ஒரு தங்கச்சி எடுத்தாள். கணக்கை என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். கடை பாக்கி, டெய்லர் பாக்கி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். திரும்பி வருவேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், உண்மையாகவே டிக்கெட் கையில் இருந்தால் ஒழிய. சாமான்களைப் பிரித்துக் கொடுப்பதைப் போதகரிடம் விட்டுவிடுங்கள். சைக்கிளை மட்டும் நானே விற்றேன், அதுவும் சந்தை விலைக்கு. இனாமாகக் கொடுத்திருந்தால் அது யாருக்கு என்பதில் சபையே இரண்டாகியிருக்கும்.